வெண்மையின் விலை: யாழ்ப்பாணத்துச் சலவைத் தொழில் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மன்னரின் பட்டாடையைப் பற்றியும் வணிகர் கடல்கடந்து கொண்டுசென்ற துகிலைப் பற்றியும் வரலாற்று நூல்கள் விரிவாகவே பேசுகின்றன. அவ்வாடை அழுக்கடைந்த பின் யார் கையில் போயிற்று, எதனால் வெளுக்கப்பட்டது, வெளுத்தவர் பெற்ற கூலி யாது என்னும் வினாக்களுக்கு அந்நூல்களில் விடை காண்பது அரிது. அன்றாட வாழ்வின் மிகச் சாதாரணமான செயல்கள் எழுதிவைக்கத் தகுந்தனவாகக் கருதப்படாமையே இதற்குக் காரணமாகும். ஆயினும், ஒரு சமூகம் தூய்மை என்று எதனைக் கருதியது, அத்தூய்மையை ஆக்கும் பொறுப்பை யார் தலையில் சுமத்தியது என்பவற்றை அறியாமல் அச்சமூகத்தின் வரலாற்றை முழுமையாக அறிந்துவிட முடியாது. யாழ்ப்பாணத் தமிழ்ச் சமூகத்தைப் பொறுத்தவரையில் இவ்வுண்மை பெரிதும் பொருந்தும். அங்கு ஆடை வெளுத்தல் வீட்டு வேலையாக மட்டும் இருந்ததில்லை. அது ஒரு கைவினையாகவும், சாதியமைப்பின் தூண்களுள் ஒன்றாகவும், மங்கலத்தையும் அமங்கலத்தையும் நடத்திவைக்கும் உரிமையாகவும் விளங்கிற்று. அதன் வரலாற்றைச் சில சான்றுகளின் துணையுடன் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழந்தமிழ்ச் சான்றுகள்

சலவைத் தொழில் பற்றிய மிகப் பழைய தமிழ்ச் சான்றுகள் சங்க இலக்கியத்திலேயே கிடைக்கின்றன. புறநானூற்றின் 311ஆம் பாட்டு, களர் நிலத்திற் கூவல் தோண்டி நாள்தோறும் ஆடை வெளுக்கும் புலைத்தி ஒருத்தியைக் குறிப்பிடுகின்றது. வீரன் ஒருவன் அணிந்த தூய வெள்ளாடையின் சிறப்பைக் கூறவந்த புலவர், அதனை வெளுத்த பெண்ணின் உழைப்பையும் உடன்கூறுதல் கவனிக்கத்தக்கது. நற்றிணையின் 90ஆம் பாட்டு, விழா நிகழும் ஊரில் ஆடை கொடுப்போர் பலராதலின் கை ஓயாது இரவிலும் கஞ்சி தோய்க்கும் புலைத்தியைக் காட்டுகின்றது. குறுந்தொகையின் 330ஆம் பாட்டில், பசை தோய்த்து அடித்துக் குளிர்ந்த குளத்து நீரில் இடப்பட்ட ஆடையின் முறுக்கு, பகன்றையின் பூவுக்கு உவமையாகின்றது. அகநானூற்றிலும் கஞ்சிப்பசை படிந்த விரல்களையுடைய புலைத்தி இடம்பெறுகிறாள்.

இச்சான்றுகளை ஒருங்கு வைத்து நோக்கும்போது மூன்று செய்திகள் புலனாகின்றன. முதலாவது, இத்தொழிலில் முன்னிற்பவள் பெண்ணாவாள். இரண்டாவது, கஞ்சி போடுதல் அக்காலத்திலேயே வழக்கில் இருந்தது. மூன்றாவது, வெளுப்பதற்குக் களர்நிலக் கிணறு தேடப்பட்டது. களர் எனப்படும் உவர்நிலம் பயிருக்கு உதவாதது. ஆனால் அந்நிலத்து மண்ணிலும் நீரிலும் அழுக்கை நீக்கும் காரம் உண்டு. உழவனுக்குப் பாழ்நிலமாகத் தோன்றியது வெளுப்பவளுக்கு விளைநிலமாயிற்று. அவளுடைய தொழிலறிவை அப்பாட்டு ஒரு சொல்லில் பதிவு செய்துள்ளது எனலாம். ஆனால் அவளைச் சுட்டும் பெயரிலேயே இழிவு கலந்துவிட்டமையும் அக்காலச் சமூகநிலையின் சான்றாகும். தொழிலாளியை ஈரங்கொல்லி என வழங்கும் மரபை நிகண்டுகள் காட்டுகின்றன. ஈரத்தைக் கொல்பவன் என்னும் அப்பெயர் செய்தொழிலை மட்டும் குறித்து நிற்பது.

சோழர் காலத்திற்கு வரும்போது இத்தொழில் அரசின் கணக்கேட்டினுள் நுழைகின்றது. அக்கால வரிப்பெயர்களுள் வண்ணாரப்பாறை என்பது ஒன்று. ஆடை அடித்துத் துவைக்கும் கல்லின்மீது விதிக்கப்பட்ட வரியே அது. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகள் வண்ணாரச்சேரியைத் தனிக் குடியிருப்பாகச் சுட்டுகின்றன. பெருங்கோயிலின் பணியாளர் வரிசையிலும் வெளுப்போர் இடம்பெறுகின்றனர். கோயிலுக்கும் அரசுக்கும் இவர்களின் உழைப்பு இன்றியமையாததாய் இருந்தது. ஆயினும் குடியிருப்பு ஒதுக்கியே வைக்கப்பட்டது. பிற்காலத்தில் யாழ்ப்பாணத்திற் காணப்படும் முரண்பாட்டின் வேர் இங்கேயே தென்படுகின்றது.

12ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் திருக்குறிப்புத் தொண்ட நாயனாரின் வரலாறு வருகின்றது. காஞ்சியில் ஏகாலியர் குலத்திற் பிறந்த அவர், அடியார் ஒருவரின் ஒற்றைக் கந்தையை மாலைக்குள் வெளுத்து உலர்த்தித் தருவதாக வாக்களித்து, மழை விடாமையால் அது இயலாதுபோக, துவைக்குங் கல்லிலே தம் தலையை மோதிக்கொள்ளத் துணிந்தார் என்பது கதை. பக்தியின் பெருமையைக் கூறவந்த இக்கதையில் தொழில் நுட்பமும் தொழிலாளியின் துயரும் சேர்ந்தே பதிவாகியுள்ளன. முதலில் மாசு போக்குதல், பின்பு நன்றாகப் புழுக்குதல், அதன்பின் அடித்து ஒலித்தல் என்னும் வரிசையைச் சேக்கிழார் பிழையின்றித் தருகின்றார். மழை பெய்தால் வேலை நின்றுவிடும் என்பதும், கொடுத்த வாக்குத் தவறினால் பழி தொழிலாளியையே சேரும் என்பதும் கதையின் உயிர்நாடியாக அமைகின்றன.

இவ்வரிசை ஈழத்திலும் வழங்கியமைக்கு அயலவர் ஒருவரின் சான்று உண்டு. 1660ஆம் ஆண்டு முதல் 1679ஆம் ஆண்டு வரை கண்டியரசிற் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தம் நூலில் சிங்கள வெளுப்போரின் தொழில்முறையை விவரிக்கின்றார். காரநீரைப் பயன்படுத்தல், அடுப்பில் நீர்ப்பானையை ஏற்றி அதன் வாயிலே அழுக்காடைகளை அடுக்கி ஆவியால் வேகவைத்தல், பின் ஆற்றங்கரைக்குக் கொண்டுசென்று கையாற் கசக்காது பாறையில் அறைதல் என்பன அவர் கண்ட செயல்கள். இவ்வாறு செய்தும் துணி கிழிவதில்லை என அவர் வியந்து கூறுகின்றார். மொழியாலும் அரசாலும் வேறுபட்ட இடங்களில், ஐந்நூறு ஆண்டு இடைவெளியில், ஒரே தொழில்முறை காணப்படுகின்றது. ஏட்டில் எழுதப்படாத அறிவு எத்துணை உறுதியாகத் தலைமுறைகளைக் கடந்துவந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வெள்ளாவியின் இரசாயனம்

இத்தொழில்முறை வெறும் பழக்கத்தின் விளைவு எனக் கொள்ளுதல் தவறாகும். உடலோடு ஒட்டிய ஆடையின் அழுக்கிற் பெரும்பகுதி வியர்வையோடு வெளிப்படும் கொழுப்பாகும். தூசியைத் துணியோடு பிணிப்பது அக்கொழுப்பே. வெறுநீர் கொழுப்பைக் கரைப்பதில்லை. உவர்மண்ணில் சோடியங் காபனேற்றும், விறகுச் சாம்பலில் பொற்றாசியங் காபனேற்றும் உண்டு. இவற்றின் காரநீரில் தோய்ந்த ஆடையை ஆவியில் வேகவைக்கும்போது, ஆடையிலுள்ள கொழுப்பமிலம் காரத்துடன் கூடி ஒருவகைச் சவர்க்காரமாக மாறுகின்றது. அதாவது, அழுக்கே அழுக்கை நீக்கும் பொருளாகின்றது. அறைதலும் அலசுதலும் அவ்வாறு தளர்ந்த மாசை வெளியேற்றும் செயல்களாம். ஈழத்தமிழர் சோப்பிற்கு வழங்கும் சவர்க்காரம் என்னும் பெயரில், உவரைக் குறிக்கும் சவர் என்னும் சொல்லும் காரம் என்னும் சொல்லும் ஒலிப்பது இத்தொடர்பினை நினைவூட்டுகின்றது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தன்மை இத்தொழிலுக்கு ஒரு தனிச்சிக்கலை உண்டாக்கிற்று. அங்கு நிலத்தடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். கிணற்று நீரில் கல்சியம் மிகுதி. இத்தகைய வன்னீரிற் சவர்க்காரம் எளிதில் நுரைப்பதில்லை. கல்சியத்தோடு கூடிக் கரையாத கசடாகித் துணியிற் படியும். மழைநீர் தேங்கும் குளங்களும் கேணிகளும் சலவைக்கு ஏற்றனவாகக் கருதப்பட்டமைக்கு இதுவே இயற்கைக் காரணமாகும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களின் வடகீழ்ப் பருவமழையால் நிரம்பும் குளம் ஆடியிலும் ஆவணியிலும் வற்றிவிடும். மழைக்காலத்தில் நீருண்டு, உலர்த்த வெயிலில்லை. கோடையில் வெயிலுண்டு, துவைக்க நீரில்லை. இவ்விரண்டிற்கும் நடுவே தொழிலை நடத்தும் திறன் சலவைத் தொழிலாளரிடம் எதிர்பார்க்கப்பட்டது.

வெளுத்த ஆடைக்கு நீலமும் கஞ்சியும் இடுதல் அடுத்த நிலையாகும். பலமுறை வெளுத்த பருத்தி சிறிது மஞ்சளிக்கும். நீலம் அம்மஞ்சளை ஈடுசெய்து கண்ணுக்கு வெண்மையாகக் காட்டும். முற்காலத்தில் அவுரி நீலமும், 1820களிற் செயற்கை முறை கண்டறியப்பட்டதன்பின் தொழிற்சாலை நீலமும் பயன்பட்டன. அரிசிக்கஞ்சி துணிக்கு விறைப்பைத் தருவதோடு, அடுத்தமுறை படியும் அழுக்கைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு நூலிழையைக் காக்கின்றது. கஞ்சி கரையும்போது அழுக்கும் உடன்போகும். சிரட்டைக்கரித் தணல் இட்ட இஸ்திரிக்கைப்பெட்டி ஐரோப்பியர் வருகைக்குப் பின் சேர்ந்த கருவியாகும்.

கறைகளைப் போக்குவதிலும் நுண்ணிய வேறுபாடுகள் கைக்கொள்ளப்பட்டன. துருக்கறைக்குத் தேசிக்காய்ச் சாறும் உப்பும் இட்டு வெயிலிற் காயவைத்தனர். புளிப்பிலுள்ள அமிலம் இரும்பைக் கரைத்துக்கொள்ளும். மஞ்சட்கறையிற் காரம் பட்டதும் அது சிவந்து, கறை பெருகியது போலத் தோன்றும். அதைக் கண்டு மேலும் கசக்குதல் பயனற்றது. அலசி வெயிலில் விரித்தால் ஒளி அந்நிறத்தை மெல்ல அழித்துவிடும். வாழைக்கறைக்கு இவை எவையும் முழுமையாக உதவா. அதனாலேயே வாழைத்தோட்டத்து உடை தனியே வைக்கப்பட்டது. ஒரு வீட்டு ஆடை மற்றொரு வீட்டுக்குப் போகாதவாறு, சேங்கொட்டையின் சாற்றாற் குறியிட்டுச் சுண்ணாம்பால் அக்குறியை நிலைபெறச் செய்தனர். எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்கள் பல வீடுகளின் ஆடைகளைப் புள்ளியாலும் கோட்டாலும் பிரித்தறிந்த முறை, அவர்களே ஆக்கிக்கொண்ட ஓர் எழுத்துமுறை எனல் பொருந்தும்.

குடிமையும் துடக்கும்

இத்துணை அறிவு வாய்ந்த தொழில் யாழ்ப்பாணச் சமூகத்திற் பெற்ற இடம் யாது? வண்ணார், அம்பட்டர் முதலியோர் குடிமக்கள் எனப்பட்டனர். நிலவுடைமைக் குடும்பங்களோடு தலைமுறை தலைமுறையாகப் பிணைக்கப்பட்டு, அக்குடும்பங்களுக்குத் தம் தொழிலைச் செய்து, அறுவடையில் நெல்லையும் சடங்குகளில் அரிசி, தேங்காய், காசு, துணி என்பவற்றையும் பெறுதல் அவர்களுக்கு விதிக்கப்பட்ட முறையாகும். ஒல்லாந்தர் ஆட்சியில் 1707ஆம் ஆண்டு கிளாஸ் ஐசாக்ஸ் என்பவராற் தொகுக்கப்பட்ட தேசவழமை, யாழ்ப்பாணத்து அடிமைமுறை பற்றிய விதிகளையும் கொண்டுள்ளது. 1844ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அவ்வடிமைமுறையை ஒழித்தது. ஆனால் குடிமைத் தொழிலாளர் சட்டத்தின் கண்ணில் அடிமைகளல்லர். ஆகவே அச்சட்டம் அவர்களுடைய பிணைப்பைத் தொடவில்லை. எழுதப்படாத வழமையை எழுதப்பட்ட சட்டம் அவிழ்க்கவில்லை.

சலவைத் தொழிலாளி கட்டாடி எனவும் கட்டாடியார் எனவும் அழைக்கப்பட்டார். அவரின்றி எச்சடங்கும் நிறைவேறாது. மணப்பந்தலில் வெள்ளை கட்டுதல், மணமக்கள் நடக்க நிலபாவாடை விரித்தல், பெண் பூப்பெய்தியபோதும் பிள்ளைப்பேற்றின்போதும் மாற்று வழங்குதல், மரணவீட்டில் வெள்ளை விரித்தல் என்பன அவரின் கடமைகளாகவும் உரிமைகளாகவும் இருந்தன. இவற்றுள் மாற்று என்பது ஆழ்ந்து நோக்கற்பாலது. துடக்குடைய பெண் தன் வீட்டுப் பெட்டியிலுள்ள புதிய புடவையை உடுத்தினாலும் துடக்கு நீங்கியதாகக் கொள்ளப்படவில்லை. கட்டாடியின் கையால் வந்த வெளுத்த துணியே துடக்கைப் போக்கும் எனக் கருதப்பட்டது. அதாவது, தூய்மையைத் தரும் வல்லமை வெளுப்பவரின் கையிலேயே இருந்தது. ஆனால் அக்கை தீட்டுடைய துணிகளைத் தொடுவதாகையால் தாழ்ந்தது எனவும் அதே சமூகம் கூறிற்று. உயர்ந்தோரின் தூய்மை, தாழ்ந்தோராக்கப்பட்டவரின் தொடர்ந்த உழைப்பின்றி ஒருநாளும் நிலைக்கவில்லை. சாதியமைப்பின் அகமுரண்பாடு இதனினும் வெளிப்படையாகத் தோன்றும் இடம் வேறில்லை எனலாம்.

இம்முரண்பாட்டின் அடுத்த படியும் உண்டு. நளவர், பள்ளர், பறையர் ஆகியோரின் ஆடைகளை வண்ணார் வெளுப்பதில்லை. அவர்களுக்கு வெளுக்கத் துரும்பர் எனப்பட்ட வேறொரு பிரிவினர் இருந்தனர். ஒடுக்கப்பட்டோரிடையேயும் படிநிலை வகுத்து, ஒருவரை மற்றொருவரினின்றும் பிரித்துவைப்பதிற் சலவைத் தொழில் கருவியாக்கப்பட்டது. தமிழ்நாட்டின் திருநெல்வேலிப் பகுதியில் தீண்டாதாரின் ஆடைகளை வெளுத்த புரத வண்ணார் பகலில் வெளிவரக்கூடாதவராய், நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே உழைக்க நேர்ந்தமையை, சாதி பற்றிய தம் நூலில் ஹட்டன் எடுத்துக்காட்டியுள்ளார். அழுக்கை நீக்கியவர்களையே கண்ணில் படக்கூடாதவர்களாக ஆக்கிய கொடுமை அது.

வெள்ளை என்பது உரிமையின் அடையாளமாகவும் இருந்தது. மணவீட்டில் வெள்ளை கட்டுதல், மேளம் ஒலித்தல், குடை பிடித்தல் என்பன ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு மறுக்கப்பட்டன. ஆடையின் நீளமும், மேலாடை அணிதலும் கூடக் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டிருந்தன. ஊர்க்கட்டுப்பாட்டை மீறிய குடும்பத்திற்கு வண்ணாரும் அம்பட்டரும் செல்லக்கூடாது என விலக்குவது தண்டனைகளுள் ஒன்று. அழுக்காடையோடும் சவரமின்றியும் இருக்குமாறு செய்வதே அவமானத்தின் எல்லையாகக் கருதப்பட்டது. இத்தண்டனையில் தொழிலாளரின் விருப்பம் கேட்கப்படவில்லை. அவருடைய உழைப்பு பிறரின் படைக்கலமாகப் பயன்படுத்தப்பட்டது.

சவர்க்காரத்தின் வருகை

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் நிகழ்ந்த இரசாயன மாற்றங்கள் இப்பழைய தொழிலை மெல்லத் தாக்கத் தொடங்கின. 1791இல் பிரான்சியரான லெபிளாங்கு, கறியுப்பிலிருந்து சோடாவை ஆக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். 1799இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த சாள்ஸ் தெனன்ற் வெளிற்றும் தூளுக்கு உரிமம் பெற்றார். உவர்மண்ணும் சாம்பலும் பல நாள் வெயிலும் செய்த வேலையை இவை சில மணிநேரத்திற் செய்தன. 1853இல் பிரித்தானியாவிற் சவர்க்கார வரி நீக்கப்பட்டதும் அதன் உற்பத்தி பெருகிற்று. 1884இல் வில்லியம் லீவர், சன்லைட் என்னும் பெயரிற் சவர்க்காரக் கட்டிகளை விற்பனைக்கு விட்டார்.

இவ்வளர்ச்சியில் இலங்கைக்கு ஒரு நேரடித் தொடர்பு உண்டு. சவர்க்காரத்திற்கு வேண்டிய கொழுப்புகளுள் தேங்காயெண்ணெய் தனிச்சிறப்புடையது. அதிலிருந்து ஆக்கப்படும் சவர்க்காரம் வன்னீரிலும் கடல்நீரிலுங்கூட நுரைக்கும். 19ஆம் நூற்றாண்டில் இலங்கையிலிருந்து பிரித்தானியாவுக்குத் தேங்காயெண்ணெய் பெருமளவில் ஏற்றுமதியாயிற்று. மூலப்பொருளாக இங்கிருந்து சென்றதே முடிவுப்பொருளாக மேலுறை சுற்றப்பட்டுத் திரும்பி வந்தது. குடியேற்றப் பொருளாதாரத்தின் இலக்கணத்தை ஒரு சவர்க்காரக் கட்டியிலேயே கண்டுகொள்ளலாம். 1938இல் லீவர் சகோதரர் நிறுவனம் கொழும்பில் நிறுவப்பட்டதன்பின் உள்நாட்டு உற்பத்திக்கும் வழி பிறந்தது.

சவர்க்காரத்தின் சமூக விளைவு அதன் இரசாயன விளைவினும் பெரிதாகும். வெள்ளாவிக்குத் தாழியும் விறகும் உவர்மண்ணும் நீர்நிலையும் பயிற்சியும் வேண்டும். சவர்க்காரத்திற்குக் கிணற்றடிக் கல்லும் வாளியும் போதும். எனவே நாளாந்தத் துணிகளை வெளுக்கும் வேலை வெளுப்பவரின் துறையிலிருந்து வீட்டுக் கிணற்றடிக்குப் பெயர்ந்தது. ஆனால் வீட்டிலே அதனை ஏற்றவர் யார்? பெண்களே ஆவர். சங்கப் பாட்டிற் புலைத்தி செய்த வேலை, கூலியற்ற கடமையாக இல்லத்தரசியின் கையிற் சேர்ந்தது.

இல்லத்தின் தூய்மையும் மனையியலும்

வீட்டைத் தூய்மை செய்யும் அறிவு பெண்களிடம் நெடுங்காலமாகவே இருந்துவந்தது. பித்தளைக் குடத்திற்குப் புளியும் சாம்பலும், அடிப்பிடித்த சட்டிக்குச் சாம்பலும் தேங்காய்த் தும்பும், குத்துவிளக்கிற்குச் செங்கட்டித் தூள், மண்தரைக்குச் சாணக்கரைசல், முற்றத்திற்கு ஈர்க்குமாறு என ஒவ்வொன்றிற்கும் உரியது வகுக்கப்பட்டிருந்தது. இவையாவும் வளவுக்குள்ளேயே கிடைப்பன, காசுக்கு வாங்கப்படாதன. புளி பித்தளையின் களிம்பைக் கரைக்கும். சாம்பலிலுள்ள காரம் எண்ணெய்ப்பற்றை அகற்றும். அதன் துகள் தேய்த்து மினுக்கும். அடுப்பிற் கழிவாக எஞ்சியது அடுக்களையின் துப்புரவுப் பொருளாயிற்று.

குடியேற்ற ஆட்சிக்காலக் கல்வி இவ்வறிவை வேறு வடிவிற் பள்ளிக்குள் கொண்டுவந்தது. 1824இல் அமெரிக்க மிசனரிமார் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினர். எழுத்தோடு தையலும் அங்குக் கற்பிக்கப்பட்டது. 20ஆம் நூற்றாண்டில் மனையியல் ஒரு பாடமாக வளர்ந்தபோது, கறை நீக்குதல், கஞ்சியிடுதல், நீலமிடுதல், இஸ்திரிக்கை போடுதல் என்பன அதன் பகுதிகளாயின. பின்னர் பத்திரிகைகளின் மகளிர் பக்கங்களிலும் அவை வீட்டுக் குறிப்புகளாக வெளிவந்தன. ஒரு செய்தி இங்கு மறைந்துபோனமை வருந்தற்குரியது. பாடநூலிலும் குறிப்பிலும் அமைந்த அவ்வறிவின் பெரும்பகுதி, தலைமுறை தலைமுறையாகத் துறையில் நின்ற சலவைத் தொழிலாளர் கண்டறிந்தது. நூலிற் புகுந்தபோது அது பெயரற்ற பொது அறிவாயிற்று. கண்டறிந்தவரோ கல்லாதவர் எனப்பட்டார். மேலும், பெண் பிள்ளைகளுக்கே உரியதெனப் பிரிக்கப்பட்டதால், பழைய சாதிக் கடமை புதிய பாற்கடமையாக உருமாறிற்று.

மாற்றத்தின் காலம்

20ஆம் நூற்றாண்டின் சமூக இயக்கங்கள் குடிமைமுறையின் அடித்தளத்தை அசைத்தன. 1920களில் யாழ்ப்பாண இளைஞர் காங்கிரசு சாதி வேற்றுமைக்கு எதிராகக் குரல் எழுப்பியது. பாடசாலைகளிற் சம ஆசனமும் சமபந்தியும் கோரிக்கைகளாயின. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம், பொது இடங்களிற் சாதி காரணமாக ஒருவரை விலக்குவதைக் குற்றமாக்கிற்று. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் தொடங்கிய எழுச்சியும், 1968இல் மாவிட்டபுரம் கோயில் முன் நிகழ்ந்த போராட்டமும், சட்டம் எழுதியதை மக்கள் நடைமுறையிற் கேட்டு நின்றமைக்குச் சான்றுகளாகும். இலவசக் கல்வி வழியே சலவைத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள் வேறு தொழில்களுக்குச் சென்றனர். தொழிலில் நின்றோருட் சிலர் நகரத்திற் சலவைச்சாலைகளை அமைத்தனர்.

சலவைச்சாலையின் தோற்றம் கூலிமுறையில் நேர்ந்த பெரும் புரட்சியாகும். குடிமைமுறையில் ஆடையைப் பெறத் தொழிலாளி வீட்டுக்குச் செல்ல வேண்டும். புறவாசலில் நிற்க வேண்டும். கொடுத்ததைக் கொள்ள வேண்டும். சலவைச்சாலையில் ஆடைக்குரியவர் தாமே வந்து, பற்றுச்சீட்டுப் பெற்று, சுவரில் எழுதப்பட்ட விலையைக் காசாகச் செலுத்துகின்றார். வேலை ஒன்றாயினும் உறவு வேறாயிற்று. குலத்திற்கும் குலத்திற்குமிடையே இருந்த கடமை, தொழிலாளிக்கும் வாடிக்கையாளருக்குமிடையிலான கொடுக்கல் வாங்கலாக மாறியது. ஆயினும் சடங்குக் கடமை அத்துணை விரைவில் நீங்கவில்லை. நாளாந்தத் துணிகளைத் தாமே வெளுத்துக்கொண்ட வீடுகளும் சாமத்தியச் சடங்கிற்கும் மரணச் சடங்கிற்கும் கட்டாடியாரை அழைப்பதைத் தொடர்ந்தன. பொருளாதாரத் தேவை ஒழிந்த பின்னரும் தூய்மை பற்றிய நம்பிக்கை நீடித்து நின்றமையை இது காட்டும்.

1990ஆம் ஆண்டு சூனில் போர் மீண்டும் மூண்டபின், வடபகுதிக்குப் பொருள்கள் செல்வது கட்டுப்படுத்தப்பட்டது. மண்ணெண்ணெயும் மின்கலமும் போலச் சவர்க்காரமும் அரிய பொருளாயிற்று. அக்காலத்தில் யாழ்ப்பாண மக்கள் பனம்பழத்தைப் பிசைந்து துணி வெளுத்தனர். முன்னோர் அறிந்திருந்த இவ்வழக்கம் இடர்க்காலத்தில் மீண்டும் உயிர்பெற்றது. பனங்களியின் கசப்புக்குக் காரணமான பொருள் பிளபெல்லிபெரின் என்னும் சப்போனின் வகையைச் சேர்ந்தது என்பதை இலங்கைப் பல்கலைக்கழக ஆய்வாளர் நிறுவியுள்ளனர். சப்போனின் நீரில் நுரைத்து அழுக்கைப் பற்றும் இயல்புடையது. பனம்பழத்தின் நிறமும் மணமும் துணியிற் படிந்த போதிலும், அழுக்கு நீங்கிற்று. கடைச் சவர்க்காரம் இன்றியும் ஒரு சமூகம் தூய்மையைக் காத்துக்கொண்டது. அந்நாட்களில் சாதி வேறுபாடின்றி எல்லா வீட்டுக் கிணற்றடியிலும் ஒரே மணம் வீசிற்று என்பதும் நினைக்கத்தக்கது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குங்கால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. உவர்மண், வெள்ளாவி, கஞ்சி, நீலம் என்பவற்றாலான சலவைமுறை, நிலத்தையும் நீரையும் பொருளின் இயல்பையும் நுணுகி அறிந்தவர்களின் ஆக்கமாகும். அவ்வறிவின் உடைமையாளருக்குச் சமூகம் அளித்த கைம்மாறு சிறிது நெல்லும் பெரிய இழிவுமாகும். சவர்க்காரத்தின் வருகை அவர்களைக் குடிமையிலிருந்து ஓரளவு விடுவித்தது. அதேவேளை, அவர்களின் தொழிலறிவைப் பெயரற்றதாக்கி, சுமையைப் பெண்களின் தலைக்கு மாற்றிற்று. ஆகவே கருவி மாறியதாலேயே விடுதலை வந்துவிட்டது எனக் கொள்ளமுடியாது. சலவைப் பொறி நுழைந்த வீடுகளிலும் துணியைப் பிரிப்பதும் உலர்த்துவதும் மடிப்பதும் யார் செய்யும் வேலை என்னும் வினா இன்னும் எஞ்சியே நிற்கின்றது.

யாழ்ப்பாணச் சமூக வரலாற்றை எழுதப் புகுவோர், கோயிற் சாசனங்களையும் ஒல்லாந்த ஆவணங்களையும் தேடுவதோடு, துவைக்குங் கற்களையும் வற்றிய கேணிகளையும் சேங்கொட்டைக் குறிகளையும் சான்றுகளாகக் கொள்ளுதல் வேண்டும். அத்தொழிலைச் செய்த முதியோர் இன்னும் சிலர் நம்மிடையே உள்ளனர். சடங்குமுறைகளையும் தொழிற்சொற்களையும் அவர்கள் வாயிலிருந்து பதிவுசெய்யும் காலம் குறுகிக்கொண்டே வருகின்றது. அவர்களுடைய அறிவை அவர்களின் பெயரோடு எழுதிவைப்பது, வெள்ளாடை உடுத்திய தலைமுறைகள் செலுத்தத் தவறிய கடனில் ஒரு சிறு பகுதியேயாகும்.